ராக்கியின் ஐந்தாவது நகம்

படப்பையில் கிளினிக் வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொழிலுக்குப் புதிதாக வரும் கால்நடை மருத்துவர்கள், “உங்களால் மறக்க முடியாத கேஸ் எது சார்?” என்று கேட்பார்கள். பாம்புக்கடி, லாரியில் அடிபட்டது என்று ஏதாவது எதிர்பார்ப்பார்கள். நான் சொல்வது ஒரு நகத்தின் கதை. அதில் கெட்டிக்காரத்தனம் என்னுடையது இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தேவராஜ் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சேரப்பணஞ்சேரிக்காரர், ஒரகடத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் வெல்டர். நாயின் பெயர் ராக்கி. சிப்பிப்பாறை கலந்த நாட்டு நாய், நாலு வயது. அவர் சட்டையெல்லாம் அதன் ரத்தம். நாயின் முன்னங்காலில், மற்ற நான்கு விரல்களுக்கும் மேலே, உள்பக்கமாக நம் கட்டைவிரல் மாதிரி ஒன்று தனியாக இருக்கும். தொழிலில் டியூ க்ளா என்போம். ராக்கியின் இடது முன்னங்காலில் அந்த நகம் கம்பி வேலியில் மாட்டிப் பிளந்திருந்தது. பெரும்பாலான நாய்களுக்கு இல்லாதபடி அதற்குப் பின்னங்கால்களிலும் ஒவ்வொன்று இருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு, பிளந்த நகத்தை எடுத்துக் கட்டுப் போட்டேன். தேவராஜுக்கு அது போதவில்லை.

“இன்னா டாக்டர், தரையே தொடாத விரலு இது. இது எதுக்கு? நாலுத்தையும் எடுத்துடுங்க. வெல்டிங் முடிஞ்சா பிசிற கிரைண்டர் போட்டுத் தட்டி வுட்றோம் இல்ல, அத்த மாதிரிதான்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மயக்கம் ஒருமுறை கொடுத்தால் போதும், நான்கும் ஒரே நாளில் முடிந்துவிடும், மறுபடி வேலியில் மாட்டாது. அந்தக் காலத்தில் யார் கேட்டாலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். காயம் ஆறட்டும் என்று இரண்டு வாரம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு ஆபரேஷன் வைத்தேன்.

அன்றைக்கு தேவராஜோடு அவர் மனைவி செல்வியும் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு டிரெய்னியாக வந்து, ஹாஸ்டலில் தங்கி, இந்த ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டவர். இப்போது ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறார். நான் மயக்க ஊசியை எடுக்கும்போது கேட்டார்.

“சார், கோவிச்சுக்கிடாதீய. வெட்டுறதுக்கு முன்னாடி நாலு விரலையும் தனித்தனியா பாத்தியளா?”

எனக்குச் சுருக்கென்றது. பார்க்காமலா தேதி கொடுத்தேன் என்றேன். பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அடிபட்டதைப் பார்த்தேன், மற்ற மூன்றையும் இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி.

“எங்க லைன்ல ஒரு பீஸ் ஃபெயிலானா மத்ததையும் ஒவ்வொண்ணா செக் பண்ணுவோம் சார். என்ன வேலை செய்யுதுன்னு ஃபிட் பண்ணிப் பாக்காம, ரிஜெக்ட்டுன்னு செகப்பு டேக் கட்ட மாட்டோம். அதான் பாத்தேன்.”

போனை நீட்டினார். மழை பெய்து ஈரமாகியிருந்த ஏரிக்கரையில் ராக்கியை ஓடவிட்டு, அதன் கால் தடங்களைப் படம் எடுத்திருந்தார். கம்பெனிக் கையுறையைச் சுருட்டிப் பந்தாக எறிந்தாராம். ஒவ்வொரு தடத்துக்குப் பக்கத்திலும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல். நேராக ஓடிய இடத்தில் நான்கு நகத்தின் தடம்தான். வேகமாகத் திரும்பிய இடத்தில், வலது முன்னங்கால் தடத்தின் ஓரமாக, ஐந்தாவதாக ஒரு ஆழமான கீறல். ஒன்றிரண்டு படத்தில் இல்லை, திரும்பிய இடத்திலெல்லாம். பின்னங்கால் தடங்களில் அப்படி ஒன்றுகூட இல்லை.

“தொட்டு அமுக்கிப் பாத்தேன் சார். முன்னாடி உள்ளது எலும்புல நிக்குது. ராக்கி திரும்பும்போது அதான் பிரேக்கு. பின்னாடி ரெண்டும் வெறும் தோல்ல தொங்குது, அத எடுத்தா எடுங்க. தெனமும் எங்க கம்பெனி பஸ்ஸப் பாத்து வயல்ல குறுக்க ஓடி வரும் சார். அந்த ஓட்டம் போச்சுன்னா அது ராக்கியே இல்ல.”

“அப்ப அது ஏன் வேலில மாட்னுச்சு?” என்றார் தேவராஜ்.

“நாம வெட்டி வுடாததாலதான். மத்த நகம் நடந்து நடந்து தேயுது. இது தேயாம கொக்கி மாதிரி வளஞ்சுட்டு. தப்பு விரல்ல இல்லங்க, மெயின்டனன்ஸ்ல.”

தேவராஜ் தலையைச் சொறிந்தார். நான் ஊசியை வைத்துவிட்டு நாலு கால்களையும் பிடித்துப் பார்த்தேன். செல்வி சொன்னது ஒவ்வொன்றும் சரி. இதெல்லாம் நான் கல்லூரியில் படித்துப் பரீட்சை எழுதியதுதான். இதையெல்லாம் படிக்காத அந்தப் பெண் ஏரிக்கரையில் குனிந்து கண்டுபிடித்திருந்தார். மெய்யாகவே அசந்து போனேன்.

பின்னங்கால் விரல்கள் இரண்டை மட்டும் எடுத்தேன். வலது முன்னங்கால் நகத்தின் நுனியை வெட்டிக் காட்டினேன். கறுப்பு நகத்தில் உள்ளே ரத்தக் குழாய் எதுவரை வருகிறது என்று தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்ட வேண்டும். இரண்டாம் மாதமே நகம் வெட்டும் கிளிப்பர் வாங்கி செல்வியே வெட்டப் பழகிவிட்டார். “நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்மா” என்றேன். “எனக்கு என் வேலையே புடிச்சிருக்கு சார்” என்றார்.

ஏழெட்டு மாதம் கழித்து, சேரப்பணஞ்சேரியில் ஒரு மாட்டைப் பார்த்துவிட்டு வரும்போது செல்வியின் கம்பெனி பஸ் வந்து நின்றது. வயலின் அந்தக் கோடியிலிருந்து ராக்கி பாய்ந்து வந்தது. வரப்பு முனையில் வேகம் குறையாமல் அப்படியே திரும்பி, இறங்கிய செல்வியின் மேல் தாவியது. அவர்கள் போன பிறகு, மூட்டுவலியோடு வரப்பில் குனிந்து பார்த்தேன். வலது கால் தடத்தில் ஐந்தாவது கீறல் இருந்தது. திரும்ப வளர்ந்த இடது நகத்தின் கீறலும் இருந்தது.

இப்போது டியூ க்ளாவை எடுக்கச் சொல்லி யார் வந்தாலும், நாயை முதலில் ஈரமண்ணில் ஓடவிட்டுப் படம் எடுத்து வரச் சொல்கிறேன். செல்வியைப் பார்ப்பதற்கு முன்னால் எத்தனையோ நாய்களுக்கு முன்னங்கால் விரலை எடுத்திருக்கிறேன். தையல் பிரித்து அனுப்பிய பிறகு அவை எப்படி ஓடின என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.