நான்காம் பாட்டுக்குப் பிறகு

தொண்ணூறுகளில், வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்த விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றை டத்தோ கிராமாட் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் வைத்தேன். வால்வுகள் சூடேறியதும், காலமான அப்பாவின் தேவார கேசட்டைப் போட்டேன். பழைய ரேடியோ கேசட் பெட்டியில் தட்டையாகக் கேட்ட குரல், இப்போது எதிரே உட்கார்ந்து பாடியது. அவர் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது.

அதிலுள்ள பத்துப் பாட்டுப் பதிகத்தில் அப்பா நான்காம் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுக்குத் தாவிவிடுவார். "வயசாச்சு, மறந்துட்டாரு" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அன்று நான்காம் பாட்டு முடிந்ததும், கேசட்டிலேயே, அப்பாவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"சீக்கிரம் முடிங்கப்பா. டிவியில மேட்ச் தொடங்கிடும்லா."

"அது நீங்கதானே?" என்றாள் மனைவி.

கேசட்டில் அப்பா சற்று நிறுத்திவிட்டு, கடைசிப் பாட்டை நிதானமாகத் தொடங்கினார்.

ஆம்ப்ளிஃபயர் எப்படி என்று யாராவது கேட்டால், எல்லாமே கேட்கிறது என்று மட்டும் சொல்வேன்.