முப்பத்தொன்றாம் எண்ணின் கண்

பூலட்சுமி இதுவரை நூற்றுக்கணக்கானவர்களின் கண் செல்களை வளர்த்துக் கொடுத்திருக்கிறார். அவர்களில் ஒருவரையும் பார்த்ததில்லை. ஹைதராபாத்தில் எங்கள் கண் மருத்துவமனை ஆய்வகத்துக்கு எண்தான் வரும், பெயர் வராது. அவர் அருகில் பதினாறு வருடம் வேலை செய்த எனக்கு அது முறையாகவே பட்டது. அவருக்குப் படவில்லை. "சமைச்சு அனுப்பிட்டு, சாப்பிடுறவங்க முகத்தையே பார்க்காத மாதிரி இருக்குடா" என்பார்.

தசராவுக்கு முந்தைய வாரம் அந்த வருடத்தின் முப்பத்தொன்றாம் எண் வந்தது. சீட்டில் ஆண், வயது இருபத்தாறு, சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் போயிற்று என்று இருந்தது. வலது கண்ணின் ஓரத்தில் மிஞ்சிய நல்ல திசுவில் டாக்டர் வேணுகோபால், வளர்த்துத் திரும்ப ஒட்டுவதற்காக, அரை அரிசி அளவு எடுத்திருந்தார். மறுபடி எடுக்க அங்கே இடமில்லை.

பூலட்சுமி அதை இரண்டாக வெட்டி இரண்டு தட்டுகளில் வைத்தார். தட்டில் விரித்திருப்பது பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வு. பஞ்சால் தொட்டால் அதன் ஒரு பக்கம் நூல்நூலாக ஒட்டிக்கொண்டு வரும். மறுபக்கம் வழவழப்பு, பஞ்சை விட்டுவிடும். கண்ணின் மேல்தோல் செல்கள் சரியாகக் கால் ஊன்றுவது அந்த வழவழப்பில்தான். அடியில் பிடி கிடைத்த பிறகே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விரிப்பாகும். பஞ்சிடம் ஒட்டாத பக்கம் அவற்றுக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அறிவியல் சொல்லும் காரணம் தெரியும். அது தெரிந்தும் கேள்வி தீரவில்லை.

மூன்றாம் நாள் பூலட்சுமி முதல் தட்டை நுண்ணோக்கியில் பார்த்தார்.

"செல்லெல்லாம் ஒட்டாம மிதக்குது."

பஞ்சால் சவ்வின் ஓரத்தைத் தொட்டார். நூல் இழுத்தது.

"சோள மாவு ஜொன்ன ரொட்டி மாதிரி சவ்வைப் புரட்டிப் போட்டுட்டியே அக்கா" என்றேன்.

"ரொட்டின்னா இன்னொண்ணு சுடலாம். இது அந்தப் புள்ளையோட கண்ணுடா."

"இன்னொரு தட்டுல பஞ்சு வெச்சுப் பார்த்தியா?"

"ஞாபகம் இல்ல. சீட்டைப் படிச்சுட்டு, அவன் முகம் எப்படி இருக்கும்னு நினைச்சுக்கிட்டே வெட்டினேன்."

அவரே போய் டாக்டரிடம் சொன்னார். பூலட்சுமி திறமைசாலி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்பதற்கு முன்பே தன் தவற்றைச் சொல்பவர்களை அதிகம் கண்டதில்லை. டாக்டர் திட்டவில்லை. "அடுத்த தட்டைத் தொடாதீங்கம்மா. அதுவும் போச்சுன்னா அந்தப் பையன்கிட்ட சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல" என்றார்.

ஐந்தாம் நாள் இரண்டாவது தட்டில், திசுவைச் சுற்றி, செல்கள் விரியத் தொடங்கிய வெளிறிய ஓரம் ஒன்று தெரிந்தது. பதினைந்தாம் நாள் இடைவெளியில்லாத விரிப்பாக அது அறுவைக்கூடம் போயிற்று.

ஆறு வாரம் கழித்து, ஒரு காலையில் பூலட்சுமி டாக்டரை வராந்தாவில் மறித்து முப்பத்தொன்றைப் பற்றிக் கேட்டார்.

"பிடிச்சிடுச்சும்மா. நேத்து என் விரலை எண்ணிச் சொன்னான். இன்னைக்குக் காலையில ஆதிலாபாத் பஸ் ஏறிட்டான்."

"நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"விதி உங்களுக்குத் தெரியாததா?"

"முகம் வேண்டாம். கண்ணு என்ன நிறம், அதையாவது சொல்லுங்க."

டாக்டர் யோசித்தார். "நான் மேல்தோலைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

உள்ளே வந்த பூலட்சுமி, ஆதிலாபாத்துக்கு எத்தனை மணி நேரம் என்று என்னிடம் கேட்டார். ஆறேழு மணி ஆகும் என்றேன்.

"அப்போ இன்னும் வழியிலதான் இருப்பான்" என்றார். "ஜன்னல் பக்கமா உட்கார்ந்திருப்பான்."