எண்ணெயில் வழுக்கிய குதிக்கால்

மகளின் காலுறையைத் துவைக்க எடுத்தபோது நல்லெண்ணெய் மணத்தது. அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது.

கயல் பிறக்கும்போதே வலது பாதம் உட்புறம் வளைந்திருந்தது. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி நேராக்கினார்கள். பிறகு, அது மறுபடி வளையாதிருக்க, ஒரு கம்பியின் இரு முனையிலும் பூட்டிய குட்டிச் சப்பாத்துகளை அணிவிக்கச் சொன்னார்கள். குளிப்பாட்ட மட்டும் கழற்றலாம். குளிப்புக்கு முன், இங்கே பென்டில் ஹில்லில் உள்ள தமிழ்க் கடையில் வாங்கிய நல்லெண்ணெயை உச்சி முதல் பாதம் வரை தேய்ப்பது என் பொறுப்பு. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே வளர்ந்தார்கள்!

கொஞ்ச நாளாகக் கால் சப்பாத்துக்குள் நிற்கவே இல்லை. நான் வாரை இறுக்க, குதிக்கால் சிவந்துபோனது. இப்படியே நழுவினால் மறுபடி மாவுக்கட்டுத்தான் என்று கிளினிக்கில் தாதி எச்சரித்தார்.

அன்று மாலைதான் அந்தக் காலுறை.

"சுகந்தி, எண்ணெய்தான் வழுக்குது!"

"ஓம், பிள்ளையை ஊறுகாய் மாதிரி ஊறவைச்சது நீங்கள்தானே" என்றாள் மனைவி.

இப்போது எண்ணெய் முழங்காலோடு நின்றுவிடும். பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்தபிறகே சப்பாத்து. குதிக்கால் நழுவுவதில்லை. நல்லவேளை, பாதமும் வளையவில்லை என்றார் தாதி.

நாளை குதிக்கால் சரியாகப் பதிந்திருக்கும்போது, சப்பாத்தின் உள்ளே விரல் நுனி தொடும் இடத்தில் ஒரு கோடு போடப்போகிறேன். விரல்கள் கோட்டை எட்டினால் குதிக்கால் நழுவாமல் அடிவரை இறங்கியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

"கோணலாக் கீறிப்போடாதேங்கோ, இஞ்சினியர்" என்கிறாள் சுகந்தி.