ஆடி நோம்பிக்கு வாங்க

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிற ரகம் நான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பாதியிலேயே சிரிப்பை அடக்கப் போகிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், ஏனென்றால் இதில் செத்துப்போனது என் தம்பி.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தோட்டம், கரும்பும் கடலையும். அப்பா அப்போதுதான் ஒரு பழைய அம்பாசடர் வாங்கியிருந்தார். முழுப்பரீட்சை லீவு விட்டதும் வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருந்த சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினோம், வழியில் ஊர் ஊராக நின்று பார்த்துக்கொண்டே போவதாக ஏற்பாடு. அப்பா, அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி குமரன், என்னோடு ஒன்பதாவது படித்த வசந்தா. வசந்தாவுக்குப் பூகோளப் புத்தகத்தில் இருக்கிற ஐரோப்பிய நகரங்கள் மேல் பைத்தியம். உடுமலையைத் தாண்டும்போதே வியன்னா வந்துவிட்டது என்றாள், அப்புறம் மறையூர் ரோம், மூணாறு லண்டன். "லண்டன்ல இட்லி கெடைக்குமா கண்ணு?" என்று அம்மா அப்பாவியாகக் கேட்க, அப்பாவால் சிரிப்பில் வண்டியே ஓட்ட முடியவில்லை. நாங்கள் எல்லோருமாக அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

சூரியநெல்லிக்குப் பிரிகிற பாதையைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. பட்டப்பகல்தான், ஆனால் வண்டியின் முன்பக்கமே தெரியவில்லை. அப்பா ஓரமாக நிறுத்தினார். பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து லயம், அதுதான் தொழிலாளர்கள் வீட்டு வரிசை. முதல் வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள், சேலைமேல் ஆண்பிள்ளைகள் போடுகிற கோட்டு.

"புள்ளைய வச்சுக்கிட்டு ஏன் வெளிய நிக்கிறீக? உள்ள வாங்க. பனி வெலக நேரமாகும்."

உள்ளே அடுப்பு எரிந்தது. அந்தச் சூடு என் முழங்காலில் உறைத்தது, அதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். பால் இல்லாத டீ கொடுத்தாள், எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று அம்மாவிடம் விசாரித்துக்கொண்டாள். சொந்த அத்தையைக் கண்டாலே அழுகிற என் தம்பி, நம்பினால் நம்புங்கள், தானாகப் போய் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டான். அவள் அவன் தலையை முகர்ந்து பார்த்தாள். "எனக்கும் ஒண்ணு இருந்துச்சு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும், புறப்படும்போது அவர்களை நம் வீட்டுக்கு அழைத்துவிட்டுத்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் திமிர் பிடித்தவர்கள் என்பார்கள். அழைக்கிறவர்களும் அவர்கள் வருவார்கள் என்று நினைத்து அழைப்பதில்லை, "ஆகட்டுங்க" என்கிறவர்களும் வரப்போவதில்லை. அது ஒரு மரியாதை.

"போயிட்டு வர்றமுங்க. ஒருக்கா நம்ம ஊட்டுக்கு வாங்கக்கா" என்றாள் அம்மா.

அவள் ஆகட்டும் என்று சொல்லவில்லை. "எப்ப வரட்டும்?" என்றாள்.

அப்படி யாரும் அம்மாவைக் கேட்டதே இல்லை. தடுமாறிப்போய் வாய்க்கு வந்த பண்டிகையைச் சொன்னாள். "ஆடி நோம்பிக்கு வாங்க."

"புள்ளையப் பாக்கலாமுல்ல?"

"உங்க பையனாட்டம் நெனச்சுக்கிட்டு வாங்கக்கா."

பூப்பாறையில் டீக்கடையில் அப்பா பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். கடைக்காரர் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டார். "அந்த லயத்துல யாரும் இல்லையே சார். போன மழையில மண்ணு சரிஞ்சு மொத்தமும் போச்சு. முத வீட்டுல ஒரு தாயும் புள்ளையும். தாயத்தான் எடுத்தாக, புள்ள கெடைக்கல." பனியில் இடம் தெரியாமல் பேசுகிறோம், அது வேறு லயமாக இருக்கும் என்றார் அப்பா. திரும்பி வருகிறபோது எங்கள் பயத்தைப் போக்குவதற்காகவே நல்ல வெயிலில் அங்கே வண்டியை நிறுத்தினார். ஓரத்து மண்ணில் எங்கள் வண்டி நின்ற சக்கரத் தடம் இருந்தது. அதற்கு நேர் எதிரே கூரையில்லாத சுவர்கள், உள்ளே இடுப்பளவு மண், அதன்மேல் புல். அதற்குப் பிறகு வசந்தா எந்த ஊருக்கும் பெயர் வைக்கவில்லை.

அழைத்ததை எப்படித் திரும்பப் பெறுவது? எங்கள் பேச்சில் அதற்கு ஒரு வார்த்தையே கிடையாது. அம்மா குலதெய்வத்திடம் போய் அழுதாள், தம்பிக்கு மந்திரித்துக் கயிறு கட்டினாள். கடைசியில் ஆடி நோம்பிக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் பொள்ளாச்சியில் மாமா வீட்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே மரத்தில் தூரி கட்டியிருந்தார்கள், ஊஞ்சலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தம்பி காலையெல்லாம் தூரி ஆடினான். மதியம் காய்ச்சல் அனலாக அடித்தது. டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். வெயில் சாய்கிற நேரத்தில் அவன் கண்ணைத் திறந்தான். ஒருவரும் இல்லாத வாசலைப் பார்த்து, வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லும்படி அம்மா பழக்கியிருந்த மாதிரியே, "வாங்க" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்தபோது அவன் போய்விட்டான்.

ஊருக்குத் திரும்பியதும், எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தார். துக்கம் விசாரித்துவிட்டுச் சொன்னார். "நோம்பியன்னிக்கு உங்களத் தேடி ஒரு அம்மா வந்துச்சுங்க. இந்த வெயில்ல கோட்டுப் போட்டுக்கிட்டு. கூப்புட்டுப்போட்டு ஊட்டப் பூட்டீட்டாங்களேன்னு வருத்தப்பட்டுச்சு. பாவமா இருந்துதுங்க, பொள்ளாச்சியில அண்ணன் ஊட்டுல இருக்கறாங்கன்னு வழி சொல்லி அனுப்புனனுங்க."

அம்மா அவரைத் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள், அந்த உட்காரலிலிருந்து அவள் முழுதாக எழுந்திருக்கவே இல்லை. காய்ச்சலுக்கு ஆயிரம் காரணம் உண்டு, கோட்டுப் போட்டவள் வேறு யாராவது என்று நீங்கள் சொல்வீர்கள். நான் எனக்கே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசு ஆறவில்லை.

அடுத்த வருடம் ஆடி பிறக்குமுன் அம்மா பிடிவாதம் பிடித்தாள், அங்கே கூட்டிப் போங்கள் என்று. எல்லாம் பிரமை என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த அப்பா, உடனே வண்டியை எடுத்தார். அன்றைக்குப் பனி இல்லை. அம்மா அந்தச் சுவர்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, ஆடி நோம்பிக்கு வாங்க. பையனையும் கூட்டியாங்க. ஒருக்காப் பாத்துக்கறனுங்க. திருப்பிக் கேக்கமாட்டனுங்க."

அந்த ஆடிக்கு யாரும் வரவில்லை, அம்மா சாகிறவரை எந்த ஆடிக்கும் வரவில்லை. பெற்றவள் அப்படிக் கெஞ்சியும் வராதவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் என்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்வது அதுவல்ல. அம்மாவைத் தாங்கிப் பிடித்து வண்டியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அப்பா அங்கேயே நின்றிருந்தார். ஒரு ஆளின் முகத்தைப் பார்க்கிற மாதிரி எதிரே நேராகப் பார்த்துக்கொண்டு, "அவனுக்குக் குளுரு ஆகாதுங்க, காதக் கட்டி உடுங்க" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கண்ணைத் தாழ்த்தி, சிரித்து, கையை நீட்டி எதையோ தடவினார். அங்கே யாரைப் பார்த்தார் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாகும்போது தம்பி அப்பாவின் தொடை உயரம்தான் இருந்தான். அப்பாவின் கை அதற்கு மேலே, இடுப்பை ஒட்டி நின்றது, ஒரு வருடம் வளர்ந்திருந்தால் அவன் தலை எங்கே இருக்குமோ அங்கே.