பக்கத்துக் கதிரையில் இருந்தவள்

நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசுகிற நகரத்தின் வில்லரேப் பகுதியில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில், புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கச் செலவில் பிரெஞ்சு படிப்பித்தார்கள். இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகள் அவை. கணவர் விடிய முதலே லாசாலில் இருந்த பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். மகளைக் கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு நான் வகுப்புக்குப் போவேன். முதல் நாளே ஆசிரியை என்னையும் சென்னையிலிருந்து வந்த ஒருத்தியையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். இரண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ் என்று பதிந்திருந்ததாம். அவருடைய எண்ணத்தில் நாங்கள் பிறவிச் சிநேகிதிகள்.

அந்த எண்ணம் முதல் இடைவேளை வரைகூடத் தாங்கவில்லை. "நீர் எந்த ஊர்?" என்று நான் கேட்டேன். எங்கள் பக்கத்தில் இளையவர்களோடு மரியாதையாகக் கதைப்பதென்றால் அப்படித்தான். அவள் சிரித்துவிட்டாள். ராஜா ராணி நாடகத்தில்தான் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாளாம். பிறகு என்பதற்கு நான் "பேந்து" என்றால் அது மலையாளமா என்று கேட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. வசனத்துக்கு மூன்று இங்கிலீஷ் சொல் போட்டுக் கதைப்பது தமிழ் தெரியாதவர்களுக்கு வசதிதான் என்றேன்.

அவளுடைய கணவர் ஒரு கம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்தார். அதை அவள் சொல்லாத நாள் இல்லை. ஒருநாள், தன் கணவர் கட்டுகிற வரியில்தான் அகதியாக வந்தவர்களெல்லாம் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று சொன்னாள். தானும் அதே வகுப்பில் அதே வரிப்பணத்தில்தான் படிக்கிறாள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து என் கதிரையை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் இரண்டு சாண் தள்ளினாள்.

நத்தார் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முந்திய வாரம் ஆசிரியை தள்ளுவண்டியில் தொலைக்காட்சியைக் கொண்டுவந்து, பிரெஞ்சில் குரல் மாற்றிய ஒரு பழைய பொலிஸ் படம் போட்டார். கதை நத்தார் காலத்தில் நடந்தது. இரண்டு பொலிஸ்காரர்கள்: ஒருவர் பிள்ளைகுட்டிக்காரர், எதையும் நிதானமாகச் செய்பவர், மற்றவர் இளையவர், சாவுக்குப் பயமில்லாதவர். இருவரையும் ஒரே காரில் அனுப்புகிறார்கள். ஒருவருக்கு மற்றவரைக் கண்ணில் காட்டக்கூடாது. முடிவில் உயிருக்குயிரான சிநேகிதர்களாகி ஒரே மேசையில் நத்தார் விருந்து சாப்பிடுவார்கள் என்று ஆசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லும்போது எங்கள் இருவரையும்தான் பார்த்தார்.

படத்தின் நடுவில் ஒரு பெரிய துவக்குச் சண்டை வந்தது. கண்ணாடிகள் உடைந்தன, கார்கள் எரிந்தன. நான் மகளின் காணாமல் போன கையுறையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று படம் நின்றது. ஆசிரியை என் முன்னால் குனிந்து, என் கையைப் பிடித்து, நல்லாயிருக்கிறீர்களா, வெளியே போக விருப்பமா என்று மெல்லக் கேட்டார். என் நாட்டில் நடந்தவற்றை அவர் செய்தியில் பார்த்திருக்கிறார். வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு முகம் சுட்டது. கையுறையைத்தான் யோசித்தேன் என்று சொல்லப் பிரெஞ்சில் சொல் தேடினேன்.

பக்கத்தில் இருந்தவள் எனக்காகப் பதில் சொன்னாள்.

"எல் ஆ லாபித்யூட்."

அவளுக்குப் பழக்கம் என்று அர்த்தம். அதுவரை பிரெஞ்சில் எதைக் கேட்டாலும் தலைக்குள் ஒருமுறை தமிழாக்கினால்தான் எனக்கு விளங்கும். அந்த வசனம் நேரே உள்ளே போனது. ஆசிரியை தலையாட்டிவிட்டுப் படத்தைத் திரும்பவும் ஓடவிட்டார்.

படத்தில் வந்த காட்சிகளைச் சோடி சோடியாக நடிக்க வேண்டும் என்பதுதான் பயிற்சி. காருக்குள் இரண்டு பொலிஸ்காரரும் சண்டை பிடிக்கிற இடத்தை எங்களுக்குத் தந்தார். கடைசியில் காரை ஓட்டுபவர் மற்றவரைப் பாதிவழியில் இறக்கிவிட வேண்டும். என்னைக் காட்டி, இவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று அவள் ஆசிரியையிடம் சொல்லி, ஓட்டுபவரின் பாத்திரத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். உண்மையில் அவளுக்கும் தெரியாது. ஒத்திகையில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தே கத்தினோம். நன்றாக இருக்கிறது என்று ஆசிரியை எங்கள் காட்சியை விடுமுறைக்கு முன் எல்லா வகுப்பும் கூடுகிற ஒன்றுகூடலுக்குத் தெரிவு செய்தார்.

அன்று மண்டபம் நிறைய ஆட்கள். மேடையில் இரண்டு கதிரைகள்தான் கார். அவள் கையில் ஒரு தட்டைச் சுக்கானாகப் பிடித்திருந்தாள். இரண்டு வசனம் ஒழுங்காகச் சொன்னோம். மூன்றாவது என்னுடையது. அது எனக்கு மறக்கவில்லை. சொல்ல விருப்பமில்லை.

"அண்டைக்குப் பழக்கம் எண்டு சொன்னீர். ஆருக்குப் பழக்கம்?" என்றேன்.

அவள் தட்டைத் திருப்பிக்கொண்டே, உதடு அசையாமல், "பிரெஞ்ச்ல சொல்லுங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

"பாக்கட்டும். உம்மட நாட்டு ஆமி எங்கட குசினிக்குள்ள சப்பாத்தோட வந்து நிக்கேக்க எனக்குப் பதினாறு வயசு. அம்மா அகப்பையைப் பிடிச்சபடி அப்பிடியே நிண்டவ. சோறு அடிப்பிடிச்சு மணக்குது, ஆரும் அசையேல்லை. அது ஒருத்தருக்கும் பழகாது."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் மூணாங்கிளாஸ். என்கிட்ட ஏன் கேக்கறீங்க? நான் இங்க வந்ததுலேர்ந்து உங்க ஆளுங்க கடைக்குப் போனா ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசறதில்ல. என் எதிர்லயே இந்தியாக்காரின்னு சொல்லிச் சிரிக்கறீங்க. அன்னிக்கு அந்தக் கடையில நீங்களும்தான் நின்னீங்க. எனக்குப் புரியாதுன்னா நெனச்சீங்க?"

"விளங்கோணும் எண்டுதான் சொன்னனாங்கள்."

அவளுடைய கண் கலங்கியது. அதைப் பார்க்க எனக்கு இரக்கம் வரவில்லை. ஒரு திருப்திதான் வந்தது. அவள் கதவுப் பக்கம் கையை நீட்டி, "இறங்குங்க. இறங்குங்க கீழ" என்றாள். நான் எழும்பி மேடையை விட்டு இறங்கி நடந்தேன்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் இருவரையும் சேர்த்து அணைத்தார். தமிழில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டபோது, அதே வசனங்களைத்தான் மொழிபெயர்த்துச் சொன்னோம் என்று அவள் எனக்கு முந்திச் சொன்னாள். நான் ஆமோதித்தேன். பரிசாக இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பெட்டி சொக்கலேட் தந்தார்கள். அதை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நத்தாருக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிடன், பாவம், இங்க சொந்தம் ஒருத்தரும் இல்லாமல் இருக்கும் என்றார். அவர் பாவம் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. கூப்பிடவில்லை. பூசைக்குப் போய்வந்து நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

ஜனவரியில் வகுப்புத் தொடங்கிய காலை, வேறு வகுப்புக்கு மாற்றித் தரும்படி கேட்க அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் அவள் நின்றாள். அவள் கேட்டுக்கொண்டிருந்ததும் அதையேதான். எங்கள் நிலைக்கு வேறு வகுப்பு கார்ட்டியர்வில்லில் மாலையில்தான் இருக்கிறது என்று எழுதுவினைஞர் சொன்னார். பிள்ளையை வைத்துக்கொண்டு என்னால் மாலையில் போக முடியாது. அவளாவது போவாள் என்று பார்த்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இருக்கிற வகுப்பே போதும் என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் தமிழ் கதைக்கவில்லை. எதுவானாலும் பிரெஞ்சில், மரியாதைப் பன்மையில், மதாம் போட்டு. தயவுசெய்து சன்னலை மூடுவீர்களா, மதாம். உங்கள் பை என் காலில் படுகிறது, மதாம். நான் ஆண்பால் பெண்பாலைப் பிழைவிட்டால் அவள் உடனே திருத்துவாள். அவளுக்குத் தொண்டையிலிருந்து வர வேண்டிய ரகரம் வராது. அவள் சொன்னதையே நான் சரியாக உச்சரித்துத் திரும்பச் சொல்வேன். அவளைப் புண்படுத்தச் சொல் தேடி இரவில் அகராதி பார்த்திருக்கிறேன். மார்கழியில் வாய் திறக்காத இரண்டு பேரும் இப்படிச் சரளமாகப் பேசுவது நட்பின் பலன் என்று ஆசிரியை மற்றவர்களுக்குச் சொன்னார்.

இளவேனிலில் பரீட்சை நடந்தது. இருவரும் நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்தோம். கடைசி நாள் சான்றிதழை வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, அவள் வாசற்படியில் நின்று தன் பையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வழி ஒடுக்கம். நான் காத்து நின்றேன். அவள் சுவரோடு ஒதுங்கி, பல மாதங்களுக்குப் பிறகு தமிழில், "போங்க" என்றாள்.

இலங்கையோ இந்தியாவோ, எங்கள் ஆட்கள் யாரும் பிரியும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. போயிட்டு வாறன் என்றுதான் சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும்.

"போறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.