மாப்பிள்ளைக்கு வேர்க்காது

பதினாறு வருடமாகக் கைக்குழந்தைகளுக்கான கோடைக்காலச் சாமான்களை விற்கிறேன். கோடைக்காலம் எப்படி இருக்கும் என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. காலை ஒன்பது மணிக்குக் கடைக்குள் போனால் பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வருவேன். எங்கள் முதலாளிக்குக் கொஞ்சம் கனத்த சரீரம். அவர் வசதிக்காக ஏசி எப்போதும் உச்சத்தில் இருக்கும். வெளியே தார் உருகிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "இந்த வெயிலுக்கு இதுதாங்க சரி" என்று அளந்துவிட்டுக்கொண்டிருப்பேன். இதுவரை ஒருவரும் என் ஸ்வெட்டரைப் பார்த்துச் சந்தேகப்பட்டதில்லை.

கடையில் எனக்கு டாக்டர் என்று பேர். படித்தது பன்னிரண்டாம் வகுப்பு, அதிலும் ஒரு பாடம் இரண்டாவது முயற்சியில்தான் தேறியது. முதல் குழந்தை பெற்றவர்கள் மிரண்ட முகத்தோடு கடைக்குள் வருவார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ ஒரு தணிந்த குரல் வந்துவிடும். மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு, "எத்தனை மாசம்? ம்ம். வேர்வை அதிகமா வருதா? தூக்கத்துல சிணுங்குதா?" என்று விசாரிப்பேன். எந்தக் குழந்தைதான் சிணுங்காது? ஆனால் அவர்கள், "ஆமா சார், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்பார்கள். பிறகென்ன, தொப்பியில் ஆரம்பித்துக் காலுறைவரை கட்டிக்கொடுத்துத்தான் அனுப்புவேன். நாற்பத்து மூன்று வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை, உயிருள்ள குழந்தை ஒன்றுக்கு ஒரு சட்டைகூட மாட்டிவிட்டது கிடையாது என்பதையெல்லாம் நான் சொல்வதில்லை. அவர்களும் கேட்பதில்லை.

என் அனுபவமெல்லாம் மாப்பிள்ளையிடம் பெற்றது. மாப்பிள்ளை என்பது கடையின் நடுவில் மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் பொம்மை. ஒரு வயதுக் குழந்தையின் அளவு, மொட்டைத் தலை, எதைப் போட்டாலும் அதே சிரிப்பு. தினமும் புதுத்துணி உடுத்திக்கொண்டு வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருப்பதால் நாங்கள் வைத்த பேர் அது. பொம்மையை வெறும் பனியனோடு உட்காரவைத்தால் பனியன் மட்டும்தான் விற்கும் என்பது முதலாளி சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் உள்சட்டை, மேல்சட்டை, அதற்கு மேல் மெல்லிய ஜாக்கெட், கழுத்துத் துணி, தொப்பி, காலுறை எல்லாவற்றையும் ஏற்றிவிடுவேன். இன்னொரு விஷயம், விலை போட்ட டேக்கை அறுக்கவே கூடாது. மறுநாள் அதே சட்டை விற்பனைக்குப் போக வேண்டுமே. அந்தத் தடித்த அட்டையைக் கழுத்துப் பக்கமாக உள்ளே செருகிவிட்டால் வெளியே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். மூன்றே நிமிடத்தில் மாப்பிள்ளை தயாராகிவிடுவான்.

என் தங்கைக்குப் பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பதால் எலி என்றுதான் கூப்பிடுகிறோம். தங்கையின் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் தண்ணீரில்தான். தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். பிரசவ விடுப்பு முடிந்து, அதை இரண்டு தடவை நீட்டித்து, கடைசியில் அங்கிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். அவளுக்கு அந்த வேலை என்றால் உயிர். திரும்பப் போக முடியாமலே போய்விடுமோ என்று என்னிடமே இரண்டு தடவை அழுதிருக்கிறாள். எலிக்கு இடம் கிடைத்திருந்த காப்பகம் அதற்கு அடுத்த வாரம்தான் திறக்கிறது. நடுவில் ஐந்து நாள்.

"அஞ்சு நாளைக்கு இவள யாருகிட்ட அண்ணா விடுவேன்?" என்றாள்.

"யாருகிட்டயா? எதிர்ல ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே, தெரியலையா? கடைக்கு அஞ்சு நாள் லீவு போட்டுடறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை கொஞ்சமாகவும் வேறு வழியில்லையே என்பது நிறையவும் இருந்தது. நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு பெரிய பையோடு போய் நின்றேன். எல்லாம் எங்கள் கடைச் சரக்கு. மாப்பிள்ளைக்கு அந்த வாரம் என்னென்ன போட்டிருந்தேனோ அதெல்லாம் அப்படியே எலியின் அளவில். கூடவே தள்ளுவண்டியைச் சுற்றி மூடும் துணி ஒன்று, வண்டியில் மாட்டும் குட்டி விசிறி ஒன்று. கட்டில்மேல் பரப்பிவைத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

தங்கை தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். "அண்ணா, இவ வீட்டுக்குள்ளதானே இருக்கப் போறா? பனிமலைக்கா போறா?"

"உனக்குத் தெரியாது. வெயில் காலத்துல தோல மூடி வெக்கணும்."

"நான் சொல்றத மட்டும் கேளு. கையில்லாத பருத்திச் சட்டை ரெண்டு அலமாரில இருக்கு. வேர்த்தா மாத்து. ஈரத்துணியால தொடச்சு விடு. நேரத்துக்குப் பால், நடுவுல கப்புல கொஞ்சம் தண்ணி. பதினோரு மணிக்கு மேல வெளிய கூட்டிட்டுப் போகாத. வெளிய போனா ஒரு தொப்பி போதும். அவ்வளவுதான்."

"பதினாறு வருஷ சர்வீஸுக்கே பாடம் எடுக்கறியா?"

"பாடம் எடுக்கல. கெஞ்சறேன்" என்றாள். வாசல்வரை போனவள் இரண்டு தடவை திரும்பி வந்து எலியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது தடவை வந்துவிடக் கூடாதே என்று தெருவில் இறங்கி ஓடினாள்.

பத்து மணிவரை நானும் எலியும் நன்றாகத்தான் இருந்தோம். அவள் என் கண்ணாடியைக் கடித்தாள், கட்டில் காலைக் கடித்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. எனக்குத்தான் சும்மா இருந்து பழக்கமில்லையே. எங்கள் கடை அங்கிருந்து கால் மணி நேர நடை. எலியை ஜோராக அலங்கரித்துக் கொண்டுபோய், டாக்டர் கையில் ஒரு குழந்தை எப்படி இருக்கிறது பாருங்கள் என்று எல்லார் முன்னாலும் நிற்க ஆசை வந்துவிட்டது. பதினோரு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்றால் எலிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஒரு கையை மாட்டினால் இன்னொரு கையை உருவிக்கொள்கிறாள். மாப்பிள்ளைக்குக் கையைக் கழற்றி மாட்டுகிற வசதி உண்டு, இவளிடம் அதுவும் இல்லை. தொப்பி நாடாவை முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. உடுத்திய கஷ்டம் வீணாகிவிடுமே என்று கிளம்பிவிட்டேன். அதற்குள்ளேயே அவள் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிச் சிணுங்க ஆரம்பித்திருந்தாள். வண்டியில் உட்காரவைத்து, வெயில் படாமல் சுற்றிலும் துணியை மூடி, கொக்கிகளை மாட்டினேன்.

தெருவில் இறங்கிய பிறகுதான் கோடைக்காலம் என்றால் என்னவென்று தெரிந்தது. சூடு செருப்பைத் தாண்டிப் பாதத்தில் ஏறியது. சுவரோரம் ஒரு சாண் நிழல்கூட இல்லை. முதல் திருப்பத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த வெயிலைத்தான் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வர்ணித்துக்கொண்டிருந்தேன். வண்டிக்குள் சிணுங்கல் அழுகையாகி, அழுகை வீறிடலாகிவிட்டது. பசி என்று நினைத்தேன். வயிற்றுவலி என்று நினைத்தேன். அம்மாவைத் தேடுகிறாள் என்றும் நினைத்தேன். துணியை விலக்கிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை, உள்ளே வெயில் பட்டுவிடுமே. வழியில் போகிறவர்கள் பிள்ளை பிடிக்கிறவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். கடைக்குக் கொஞ்சம் முன்னால் அழுகை ஓய்ந்து வெறும் முனகலானது. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

எங்கள் கடையில் பில் போடும் அக்கா மூன்று பிள்ளை பெற்றவர். முனகலைக் கேட்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து துணியை விலக்கினார். எலியின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. தொப்பியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அவள் பின்கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

"அடப்பாவி" என்றார்.

மாப்பிள்ளையை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, மேஜைமேல் அவன் இடத்தில் எலியை உட்காரவைத்தார். நேராகக் குளிர் அடிக்காதபடி ஏசியை அணைக்கச் சொன்னார், முதலாளியே எழுந்து போய் அணைத்தார். தொப்பி, காலுறை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்துக்கொண்டே வந்தார். சாமான் வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கழுத்துத் துணியிலிருந்து ஒரு டேக் வெளியே வந்து தொங்கியது. ஜாக்கெட்டிலிருந்து ஒன்று. மேல்சட்டையிலிருந்து ஒன்று. உள்சட்டையிலிருந்து ஒன்று. நான்கையும் செருகியது நான்தான். என் கை என்னைக் கேட்காமலே செய்திருக்கிறது. அட்டை முனை உரசி உரசி எலியின் பின்கழுத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள் விழுந்திருந்தன, அதைச் சுற்றிலும் வேர்க்குரு.

அக்கா அவளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கப்பில் தண்ணீர் கொடுத்தார். எலி மடக்மடக்கென்று குடித்தாள். கொஞ்ச நேரத்தில் முகத்தின் சிவப்பு வடிந்தது. மேஜை ஓரத்தில் குப்புறக் கிடந்த மாப்பிள்ளையின் காலை இழுத்துக் கட்டைவிரலைக் கடித்தாள். துணிமணிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இத்தன வருஷமா யாருக்கு வித்துட்டிருந்தீங்க, டாக்டர்?" என்று அக்கா கேட்டார். "மாப்பிள்ளைக்கு வேர்க்காது, உறுத்தாது. இவளுக்கு ரெண்டும் உண்டு. அதத்தான் வழியெல்லாம் கத்திச் சொல்லிட்டு வந்திருக்கா."

வாயைத் திறந்தால் அந்த டாக்டர் குரல் வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டேன். வெயில் தாழ்ந்த பிறகு, எலியை வெறும் ஜட்டியும் தொப்பியுமாக, மூடாத வண்டியில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

தங்கை ஆறு மணிக்கு வந்தாள். முகம் அப்படி ஒரு பூரிப்பில் இருந்தது. "எதையும் மறக்கலண்ணா. கை தானா வேல செய்யுது" என்றாள். என் கையும்தான் இன்று தானாக வேலை செய்தது என்று நினைத்துக்கொண்டேன். எலியை மடியில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, "சொல்லு, பொழுது எப்படிப் போச்சு?" என்றாள்.

இந்த வெயிலுக்கு எந்தக் குழந்தைக்கும் வேர்க்குரு வரும் என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தணிந்த குரலில் அதைச் சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை. உண்மையைச் சொன்னால் நாளைக்கு அவள் வேலைக்குப் போக மாட்டாள், அந்த வேலையும் போய்விடும். ஆனாலும், கடையிலேயே அறுத்துச் சட்டைப்பையில் போட்டிருந்த நான்கு டேக்குகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். கிளம்பிய ஆசையிலிருந்து ஏசியை அணைத்ததுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ரொம்ப அழுதாளா?"

"ரொம்ப."

"எவ்வளவு நேரம்?"

"கடை வர வரைக்கும்."

எலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அன்று இரவு அங்கேயே கூடத்தில் படுத்துக்கொண்டு, அவள் வேலையைக் கெடுத்துவிட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் கண் விழித்தபோது அவள் தோளில் பையோடு நின்றிருந்தாள். கையில்லாத பருத்திச் சட்டையோடு எலியை என் மடியில் உட்காரவைத்தாள்.

"கழுத்துல இருந்த கோட்ட நேத்து வந்த உடனே பாத்துட்டேன்" என்றாள். "வேர்க்குரு கோடு கோடா வராதுன்னு எனக்குத் தெரியாதா? நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் உக்காந்திருந்தேன். பொய் சொல்லியிருந்தா இன்னிக்கு நான் போயிருக்க மாட்டேன்."

மேஜையைப் பார்த்தேன். மாற்றுச் சட்டை ஒன்று, துடைக்கும் துணி, தண்ணீர் கப், தொப்பி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கத்தரிக்கோல் இருந்தது. பலமுறை துவைத்த அந்தச் சட்டையில் அறுப்பதற்கு டேக் ஒன்றுமே கிடையாது. அவள் சிரிக்காமல் என்னையே பார்த்தாள்.

கத்தரிக்கோலை எடுத்து எலிக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். பிறகு எலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். தங்கை தெருமுனைவரை நடந்து போனாள். இன்றைக்கு அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.