ஆறு மாதத்துக்கு மட்டும்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பருவத்தில் தக்காளி நல்ல விலைக்குப் போனது. மாரண்டஹள்ளி மண்டியில் சரக்கை இறக்கிவிட்டுப் பணத்தோடு வீட்டுக்கு வந்த நான், தோட்டத்துப் போர்வெல்லை ஆழப்படுத்தலாமா, சொட்டுநீர்க் குழாய் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. அது என் கல்யாணப் பணம் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பெண் யாரென்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பணத்தை எங்கே போடுவது என்று ஒரு வாரம் பேசினோம். சீட்டு வேண்டாம், எடுக்கிற மாதத்துக்குக் கல்யாணம் காத்திருக்காது என்றாள். நகைக்கடைத் திட்டத்தில் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் வேண்டாம். வீட்டில் வைத்தால் நான் போருக்குள் கொட்டிவிடுவேனாம். அதில் உண்மை இருந்தது.

கடைசியில் பாங்குக்குப் போனோம். கவுண்டரில் ஒரு இளம்பெண் இருந்தார். அஞ்சு வருஷத்துக்குப் போட்டால் வட்டி கூடுதலாக வரும் என்று பொறுமையாக விளக்கினார். அம்மா பாஸ்புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாள்.

"அஞ்சு வருசமா? எம் பையனுக்கு இந்தத் தையில கல்யாணமுங்க. ஆறு மாசத்துக்கு மட்டும் போடுங்க."

"வாழ்த்துக்கள் சார்" என்றார் அந்தப் பெண் என்னைப் பார்த்து. நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

அந்தத் தை வந்தது, போனது. அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெபாசிட்டைப் புதுப்பிக்கப் பாங்குக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. நடுவில் பெண் பார்க்கவும் போனோம். பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பையன் ஓசூரில் எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். விவசாயம் என்றேன். அதற்குப் பிறகு மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள். அரூர் பக்கத்து வீட்டார் கொஞ்சம் நல்லவர்கள், டீ கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

இதற்கிடையில் பாங்குப் பெண்ணுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. எங்களுக்கும் பத்திரிகை வைத்தார். அம்மா மொய் எழுதி, வயிறாரச் சாப்பிட்டு, மேடையில் ஏறி அவரிடம் ரகசியமாகச் சொன்னாள்: "அடுத்தது நம்ம வூட்லதாங்க." எனக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு அம்மா எவ்வளவு அழகாக இருந்தாள் என்று நினைத்துக்கொண்டேதான் திரும்பினேன். கல்யாண வீடுகளில் அவள் முகமே வேறு.

இந்த வருஷம் கோடையில் தண்ணீர் கீழே இறங்கி, போர் காற்று வாங்க ஆரம்பித்தது. செடிகள் கண்ணெதிரே காய்ந்தன. எனக்குக் கோபம் வந்தால் நாக்கு சும்மா இருக்காது. "வராத பொண்ணுக்குப் பணத்தப் பூட்டி வச்சிருக்கற. போருக்குக் குடுக்க மனசில்லன்னா அஞ்சு வருசத்துக்காவது போட்டுத் தொல. வட்டியாச்சும் வரும்" என்று கத்திவிட்டேன். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாளே தவிரப் பேசவில்லை.

போன மாதம் டெபாசிட் முடிந்தது. இருவரும் போனோம். பாங்குப் பெண், இப்போது ஒரு குழந்தைக்குத் தாய், எங்களைப் பார்த்ததும் "ஆறு மாசம்தானேம்மா?" என்று சிரித்தபடி டெபாசிட் பாரத்தை எடுத்தார்.

"இல்லீங்க" என்றாள் அம்மா. "அஞ்சு வருசத்துக்கே போட்டுருங்க."

குரலில் கோபமே இல்லை. கடையில் இல்லாத பொருளை விட்டுவிட்டு இருப்பதைக் கேட்கிற மாதிரி இருந்தது. நான் சொன்னதைத்தான் செய்தாள், ஆனால் எனக்கு அது வலித்தது. எனக்குப் பெண் அமையாது என்று ஊரே சொன்னபோது எனக்கு வலித்ததில்லை. அம்மா ஒருத்தி நம்பிக்கொண்டிருந்தாளே, அதனால்தான் என்று அப்போது புரிந்தது.

பாரத்தை என் பக்கம் இழுத்து, ஆறு மாதம் என்று எழுதினேன்.

"எதுக்குடா?" என்றாள்.

"பென்னாகரம் பக்கம் ஒரு எடம் சொல்லியிருக்காங்க" என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும், சின்ன வயதிலிருந்தே.

"வெவசாயம்னு சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சு."

"அப்பறமும் வரச் சொல்றாங்களா?"

"வரச் சொல்றாங்கம்மா."

பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.